சாரலுக்கு ஒரு படம்

குற்றாலத்தில் சாரல் பெய்யும் நாட்களில் விமரிசனம் எழுதக் கூடாது என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். அருவியில் நின்று தலையில் வாங்கிய தண்ணீர் இன்னும் காதுக்குள் இரைந்துகொண்டிருக்கும்போது எந்தப் புத்தகமும் நன்றாகத்தான் இருக்கும். பாராட்டி எழுதி அனுப்பிவிட்டு, ஊர் திரும்பி, உலர்ந்த தலையோடு அதே புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கும். இந்த அனுபவம் எனக்கு இரண்டு தடவை நேர்ந்திருக்கிறது. ஆகவே இந்த ஆண்டு படிப்பதற்கென்று ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல்தான் போனேன்.

ஆனால் தென்காசியில் எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மலையடிவாரத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். ஒரு நாள் காலை, நான் தங்கியிருந்த வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினார். கையில் ஓர் அட்டைப் பெட்டி. மங்குஸ்தான் பழம் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து நான் உற்சாகமாக எழுந்தேன்.

"பழம் இல்லை அண்ணாச்சி. புஸ்தகம்னு வச்சுக்கிடுங்க. நாவலுக்கு மட்டுந்தான் விமரிசனம் எழுதணுமா? இதுக்கு ஒண்ணு எழுதுங்களேன்" என்றார்.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே புத்தகம் எதுவும் இல்லை. சிறு சிறு அட்டைகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஓரம் மழுங்கியவை, மூலை கிழிந்து ஒட்டுப் போட்டவை, ஏதோ ஒரு குழந்தையின் விரலெண்ணெய் படிந்து பளபளப்பவை. ஒவ்வோர் அட்டையின் மேலும் ஒரு சிறு சின்னம். கூடவே ஓர் எண். 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சுமார் பதினைந்து ஆண்டு புழங்கிய பாட அட்டைகள் அவை. புதிய திட்டம் வந்து பழையதை ஒதுக்கியபோது, குப்பைக்குப் போக இருந்ததை இவர் தம் வீட்டுப் பரணுக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றவே இந்தக் கட்டுரை.

முதலில் நூல் அமைப்பு. இதற்கு முதற் பக்கம் கிடையாது. சுவரில் ஓர் ஏணிப் படம் தொங்கும். அதில் படிப்படியாகச் சின்னங்கள் இருக்கும். குழந்தை தான் எந்தப் படியில் நிற்கிறது என்று தானே பார்த்துக்கொண்டு, அந்தச் சின்னம் உள்ள தட்டில் தன் அட்டையை எடுத்துக்கொள்ளும். பிறகு அந்த அட்டை எந்தக் குழுவுக்கு உரியதோ அங்கே போய்த் தரையில் உட்காரும். ஆசிரியர் முழுக்க உதவும் குழு ஒன்று. பாதி உதவும் குழு ஒன்று. கூடப் படிக்கும் பிள்ளைகள் உதவும் குழுக்கள். தானே கற்கும் குழு. கற்றது நிலைத்ததா என்று பார்க்கும் மதிப்பீட்டுக் குழு. ஒரு படி சரியாக வரவில்லை என்றால் அதற்கென்று குறை தீர்க்கும் அட்டை வேறே இருக்கிறது. பத்து நாள் காய்ச்சலில் படுத்துவிட்டு வந்த பையன், விட்ட இடத்திலிருந்து ஏறலாம். வகுப்பு அவனை விட்டுவிட்டு ஓடிப் போயிருக்காது.

நாவல் எழுதுகிறவன் இதைக் கண்டு பொறாமைப்படாமல் இருக்க முடியாது. நாங்கள் எல்லா வாசகரையும் ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டு போகிறோம். பின்தங்கியவர் புத்தகத்தை மூடிவிடுகிறார். அவரைக் கைதூக்கிவிட எங்களிடம் குறை தீர்க்கும் அத்தியாயம் எதுவும் இல்லை.

வகுப்பறையும் இதற்கேற்ப மாறியிருந்தது என்கிறார் சிநேகிதர். சுவரின் அடிப்பாகத்தில், குழந்தையின் உயரத்துக்குக் கரும்பலகை பூசி, ஆளுக்குக் கொஞ்சம் இடம் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். தலைக்கு மேலே கம்பிப் பந்தல். பிள்ளைகள் வரைந்ததும் எழுதியதும் அதில் தொங்கும். வருகைப் பதிவைப் பிள்ளைகளே குறித்துக்கொள்வார்கள். ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார வேண்டும். "முதல் ஒரு மாசம் முழங்கால் வலி. அப்புறம்தான் அண்ணாச்சி, பிள்ளைக முகம் எனக்கு நேரா தெரிஞ்சது. அதுவரைக்கும் உச்சந்தலையைத்தான் பார்த்துக்கிட்டிருந்திருக்கேன்" என்றார்.

இனி நூலாசிரியர் யார் என்ற கேள்வி. இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலி என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. மதனப்பள்ளியில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியின் எண்ணத்தில் உருவான உறைவிடப் பள்ளி அங்கே நடக்கிறது. நல்ல பள்ளி, பெயர் பெற்ற பள்ளி. பெரும்பாலும் வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை அனுப்பும் பள்ளி. அதைச் சுற்றி வறண்ட குன்றுகளுக்கிடையே சிறு சிறு கிராமங்கள். அங்கே ஓர் ஆசிரியர், ஓர் அறை, ஐந்து வகுப்புப் பிள்ளைகள் என்ற நிலை. பெரிய பள்ளியின் மதிலுக்கு வெளியே உள்ள இந்தப் பிள்ளைகளுக்காக 1980-களின் பிற்பகுதியில் பத்மநாப ராவ், ராமா என்ற தம்பதி வேலை தொடங்கினார்கள். பாடப் புத்தகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து அட்டைகளாக்கினார்கள். உள்ளூர்த் தெலுங்கில், ஊர்த் தாய்மார் சொல்லும் கதைகளையும் பாட்டுகளையும் சேர்த்துக்கொண்டு, கிராமத்து ஆசிரியர்களைக் கூட வைத்துக்கொண்டு எழுதினார்கள். 'பெட்டிக்குள் ஒரு பள்ளிக்கூடம்' என்ற பொருள்படும் பெயர் அதற்கு ஏற்பட்டது. என் முன்னால் இருந்த பெட்டி அதன் தமிழ்ப் பேத்தி.

தனியார் பள்ளிகள் தங்களிடம் உள்ளதை மற்றப் பிள்ளைகளுக்கும் தர வேண்டும் என்ற பேச்சு புதிதல்ல. 1964-லிருந்து 1966 வரை உட்கார்ந்த கோத்தாரி கல்விக் குழு, அருகருகே உள்ள பள்ளிகள் தொகுதியாகச் சேர்ந்து ஆய்வுக்கூடம், நூலகம், ஆசிரியர் அனுபவம் ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று சொன்னது. 2020-இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை அரசுப் பள்ளியையும் தனியார் பள்ளியையும் இணை சேர்ப்பதைப் பற்றிப் பேசியது. இங்கிலாந்தில் 2006-ஆம் ஆண்டு அறநிறுவனச் சட்டம், தர்ம ஸ்தாபனம் என்று வரிச்சலுகை அனுபவிக்கும் பெரிய பள்ளிகளையும் 'நீங்கள் ஊருக்குச் செய்யும் நன்மை என்ன?' என்று கேட்க வைத்தது. 2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடிய சமயம், ஈட்டன் பள்ளி தன் இணையவழிப் பயிற்சிகளை அந்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இலவசமாகத் திறந்துவிட்டது. இவற்றையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. ஆனால் ரிஷிவேலி செய்தது வேறு தினுசு. அது தன் மாளிகையில் மிஞ்சியதை வாசலில் கொண்டுவந்து வைக்கவில்லை. வாசலுக்கு வெளியே இருந்த பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று அங்கேயே உட்கார்ந்து பார்த்துச் செய்தது. செய்த பிறகு, கேட்டவர்களுக்கெல்லாம் வழியைக் காட்டிக் கொடுத்தது. ஜெர்மனியில் ரீகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து ஆசிரியர் பயிற்சியாளர்கள் வரை வந்து கற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு அது வந்த வழியும் ஒரு கதைதான். எம்.பி. விஜயகுமார் என்ற ஆட்சிப் பணி அதிகாரி 1990-களில் வேலூரில் கொத்தடிமைகளாக இருந்த சிறுவர்களை மீட்டுப் படிக்க வைக்க முயன்றபோது இந்த முறையைக் கண்டார். 2003-இல் அவர் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தார். ஆசிரியர்களை ரிஷிவேலிக்கு அனுப்பி, அவர்களைக் கொண்டு தமிழில் அட்டைகள் எழுதச் செய்து, 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். அது மற்ற மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் பரவியது. பிறகு 2007-2008 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் சுமார் 37,000 தொடக்கப் பள்ளிகளுக்குப் போயிற்று. ஒரு தனியார் பள்ளியின் கற்பிக்கும் முறை, ஒரு பைசா உரிமைத் தொகை இல்லாமல், ஒரு மாநிலத்தின் அத்தனை ஏழைப் பிள்ளைகளின் கைக்கும் வந்தது. உலகத்தில் இப்படி எத்தனை தடவை நடந்திருக்கும்?

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விட முடியவில்லை. தென்காசிப் பக்கத்தில் பீடி சுற்றும் பெண்மணி ஒருத்தியின் மகள், பணம் படைத்தவர் பிள்ளைகள் படிக்கும் பள்ளத்தாக்கில் பிறந்த முறையில், பாயில் உட்கார்ந்து, அடி வாங்காமல், தன் வேகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அதே ஆண்டுகளில் அவளுடைய சித்தி மகன், கடன் வாங்கிக் கட்டிய பணத்தில், கழுத்துப்பட்டை மாட்டிக்கொண்டு, இங்கிலீஷ் மீடியத்தில் ஐம்பது பேரோடு சேர்ந்து ஒன்றாம் வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டிருந்தான். ஊர் எந்தப் பள்ளியை உயர்ந்தது என்று எண்ணியது? உங்களுக்குத் தெரியும். "சார், பிள்ளைக்கு வீட்டுப் பாடமே இல்லையே, சீட்டு விளையாடுகிற மாதிரி அட்டையைத் தூக்கிக்கிட்டு அலையுதே" என்று பெற்றோர்கள் வந்து முறையிட்டார்களாம். சிநேகிதருடைய பள்ளியில் பிள்ளைகள் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. மஞ்சள் வேன் ஊருக்குள் வந்து ஹாரன் அடித்து அழைத்துப் போயிற்று.

சிரிக்க வேண்டாம். என் பேரனையும் கழுத்துப்பட்டைப் பள்ளியில்தான் சேர்த்தோம். விண்ணப்பத் தாளுக்கு விடியற்காலை நான்கு மணிக்கு வரிசையில் நின்றவன் நான். பணம் கொடுத்துப் பெறாத எதையும் நல்லதென்று நம்புவதற்கு நமக்கு, அதாவது மாதச் சம்பள வர்க்கத்துக்கு, மனம் வருவதில்லை. இலவசம் என்றாலே எங்கோ பழுது இருக்கும் என்று தட்டிப் பார்க்கிறோம். இந்தப் புத்தியை ஏழைகளும் நம்மிடமிருந்துதான் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பாடத்தை நாம் கட்டணமில்லாமலே கொடுத்துவிட்டோம்.

சரி, நூலின் குறைகளுக்கு வருவோம். பாராட்டு மட்டும் எழுதினால் அருவித் தண்ணீர் பேசுகிறது என்பார்கள்.

அட்டைகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிநேகிதர் பெட்டியின் அடியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். காலநிலை அட்டவணை. நாள்தோறும் காலையில் ஒரு குழந்தை எழுந்து, வெளியே எட்டிப் பார்த்து, இன்று வெயிலா, மேகமா, மழையா என்று அதில் குறிக்க வேண்டும். அதைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஜூன் மாசம் அண்ணாச்சி. சாரல் பிடிச்சிருக்கு. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒண்ணு போய் அட்டவணை முன்னால நிக்குது. வெளியே பார்க்குது, படத்தைப் பார்க்குது. 'என்ன தாயி?'ன்னு கேட்டேன். 'சார், வெயிலும் இருக்கு, தூத்தலும் இருக்கு, காத்தும் இருக்கு. எதைப் போட?'ன்னு கேட்டுச்சு. நியாயந்தானே? சாரலுக்கு அதிலே படம் இல்லை. 'நீயே ஒண்ணு வரைஞ்சுக்கோ'ன்னேன். மலையை வரைஞ்சு, மேல பாதிச் சூரியன், சாய்வா நாலு கோடு. கோட்டுக்குப் பக்கத்திலே ஒரு வானவில். ரொம்ப நல்லா இருந்துச்சு. மூணு மாசம் அதைத்தான் ஒட்டிக்கிட்டிருந்தோம். ஒரு நாள் பார்வைக்கு வந்தவர் ஒருத்தர் பார்த்தார். 'இது அட்டவணையிலே இல்லையே, எல்லாப் பள்ளியிலேயும் ஒரே மாதிரி இருக்கணும்'னார். எடுத்துட்டோம்."

"அந்தப் பிள்ளை என்ன சொன்னது?"

"ஒண்ணும் சொல்லலை. மறுநாள்லேர்ந்து சாரல் பெய்யற அன்னைக்கெல்லாம் மழைன்னு போட ஆரம்பிச்சுது."

இதைச் சொல்லிவிட்டு அவர் வெளியே பார்த்தார். அப்போதும் சாரல்தான்.

என் விமரிசனம் முழுவதும் அந்தக் கடைசி வாக்கியத்தில் அடங்கிவிட்டது என்றே நினைக்கிறேன். கண் முன்னால் இருப்பதைப் பார்த்து அதற்கொரு குறி கண்டுபிடிப்பதுதான் படிப்பு. அச்சிட்ட குறிக்குள் கண் முன்னால் இருப்பதை அடைத்துவிடுவதும் ஒரு வகைப் படிப்பு. அது தேர்வுக்கு உதவும். ரிஷிவேலியின் கிராமங்களில் அந்த அட்டை பிறந்தபோது முதல் வகையாக இருந்தது. லாரியில் ஏறித் தென்காசி வந்து இறங்கியபோது இரண்டாம் வகையாக மாறிவிட்டது. இடையில் அட்டையின் வடிவம் மாறவில்லை. அதே சின்னம், அதே ஏணி.

எழுத்தாளனுக்கு இது பழக்கமான விபத்து. ஒருவன் தன் ஊர்க் கிணற்றடியில் கேட்ட பேச்சை வைத்து ஒரு கதை எழுதுகிறான். கதை நன்றாக அமைந்துவிடுகிறது. அதைப் படித்தவர்கள், நல்ல கதை என்றால் அதில் கிணற்றடி இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, குழாய்த் தண்ணீர் வரும் ஊரிலும் கிணறு வெட்டிவிடுகிறார்கள். காதை எடுத்துக்கொள்ளாமல் கிணற்றை எடுத்துக்கொண்டதுதான் பிழை.

பக்கத்து மாநிலத்தில் இது கொஞ்சம் வேறுவிதமாக நடந்தது. 1995-இல் மைசூர் மாவட்டத்து ஹெக்கடதேவன கோட்டைத் தாலுகாவிலிருந்து சில அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குப் போய்ப் பார்த்தார்கள். ஊருக்குத் திரும்பித் தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே கன்னடத்தில் அட்டைகள் எழுதினார்கள். 'நலி கலி' என்று பெயர் வைத்தார்கள். ஆடிப் பாடிக் கற்றுக்கொள் என்று நாம் அதைச் சொல்லலாம். அதுவும் பின்னால் மாநிலம் முழுமைக்குமான திட்டமாகி, அச்சாகி, லாரியில் ஏறத்தான் செய்தது. எனினும் தொடங்கிய இடத்தில் வாங்கினவர்கள் எழுதினவர்களாகவும் இருந்தார்கள். சென்னையிலும் அப்படித்தான், அந்த 13 பள்ளிகளுக்காக எழுதியவர்கள் ஆசிரியர்களே. தென்காசிக்கு வந்து சேரும்போதுதான், எழுதும் வேலை முடிந்துவிட்டது, இனி எடுத்துக் கொடுக்கும் வேலைதான் பாக்கி என்றாகிவிட்டது.

இந்த மாதிரிச் சரக்கு ஒரு காலத்தில் எதிர்த் திசையிலும் போயிருக்கிறது. 1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் விடுதியை நடத்த வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். மணலையும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதையும் தம் பள்ளியில் கொண்டுவந்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தில் அவர் விட்டுச் சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். பெயர் தெரியாத நம்முடைய திண்ணை வாத்தியார் ஒருவர் உலகத்துக்குக் கொடுத்த நன்கொடை அது. ரசீதுகூட யாரும் கொடுக்கவில்லை. ஆனால் அங்கே போய் அது என்ன ஆயிற்று? ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஓர் ஆசிரியர், சட்டாம்பிள்ளைகளின் வரிசை, கட்டளைக்கு எழுந்து கட்டளைக்கு உட்காருதல் என்று ஓர் ஆலை ஆகிவிட்டது. குறைந்த செலவில் நிறையப் பிள்ளைகள் என்ற கணக்கு வந்ததும், மணலில் எழுதிய விரலை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

குற்றாலத்தில் உட்கார்ந்து ரசனையையும் கொடையையும் பற்றி எழுதுகிறவன் டி.கே.சி.யை நினைக்காமல் இருக்க முடியாது. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் சட்டம் படித்தவர், பதவிகளில் இருந்தவர். திருநெல்வேலியில் அவர் வீட்டில் கூடிய வட்டத்தொட்டியும், பிற்காலத்தில் குற்றாலத்தில் அவர் வாழ்ந்த வீடும், கட்டணமில்லாத பள்ளிக்கூடங்களாகவே நடந்தன. கம்பனை யார் வந்து கேட்டாலும் சொன்னார். கல்கியும் ராஜாஜியும் வந்து கேட்டார்கள்; பெயர் தெரியாத எத்தனையோ பேரும் கேட்டார்கள். 1954-இல் அவர் மறைந்த பிறகும், கம்பனை அவர் வழியில் படித்துக் காட்டும் ஆட்கள் இந்தச் சீமையில் இருந்துகொண்டே இருந்தார்கள்.

ஆனால் அவரிடம் ஒரு குணம் உண்டு. கம்பனை வாங்கிக்கொண்டவர், அவனை அப்படியே ஒப்படைக்கவில்லை. இது கம்பன் வாக்கு அல்ல, இடையில் எவனோ செருகியது என்று தம் செவிக்குப் பட்ட பாடல்களைத் தள்ளினார், பாடங்களைத் திருத்தினார். 'கம்பர் தரும் ராமாயணம்' என்று அவர் பதிப்பித்ததைப் பார்த்துப் பண்டிதர்கள் கொதித்தார்கள். கொதித்ததில் நியாயம் இருக்கிறது. ஏட்டில் இருப்பதைச் செவியை நம்பி மாற்றுவது ஆபத்தான காரியம். நானும் அந்த விஷயத்தில் பண்டிதர்கள் பக்கம்தான். ஆனாலும் ஒன்றை யோசிக்கிறேன். திருத்தும் அளவுக்கு அந்த நூலைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டவர் அவர். அதனால்தான் கேட்டவர்களுக்கெல்லாம் அது பற்றிக்கொண்டது. பாடலைத் தொடப் பயந்தவர்கள் அதைப் பத்திரமாகக் காப்பாற்றினார்கள்; அதுவும் தேவைதான். ஆனால் இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் வானிலைப் படம் கம்பராமாயணம் அல்லவே! அதில் ஒரு சூரியனைப் பாதியாக்கினால் எந்தச் சுவடிக்கு என்ன மோசம் வந்துவிடும்?

தென்காசிக் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் அந்தக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதில் ஏதேனும் பழுது நேர்ந்து அதை யார் சீர் செய்தாலும், அவர் காலில் நான் இப்போதே விழுகிறேன் என்ற கருத்தில் பாட்டாகவே வெட்டி வைத்திருக்கிறான். கோபுரம் பின்னால் சிதைந்து மொட்டையாக நின்றது. புதிதாக எடுத்துக் கட்டி 1990-இல் குடமுழுக்குச் செய்தார்கள். கோயில் கட்டிய அரசர்கள் அழித்தவனுக்குச் சாபம் எழுதி வைப்பது வழக்கம். இவன் கை வைத்துச் செப்பனிடுகிறவனுக்குக் கும்பிடு எழுதி வைத்தான். இலவசமாகப் பாடம் வழங்குகிறவர்கள் யாராயினும், பள்ளியாயினும் அரசாயினும், பெட்டியின் மூடிக்கு உட்புறம் அப்படி ஒரு வரி எழுதி அனுப்பக்கூடாதா என்று எனக்குத் தோன்றியது.

இதைச் சிநேகிதரிடம் சொன்னேன். அவருக்கு மகிழ்ச்சி. ஆனால் அவரோடும் எனக்குச் சண்டை உண்டு. அதையும் எழுதுவதாகச் சொல்லியே அவரிடம் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டேன். 37,000 பள்ளிகளிலும் ஆசிரியர்கள் தாங்களே அட்டை எழுதட்டும் என்று அரசு விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? சிநேகிதரைப் போல நாலு பேர் எழுதியிருப்பார்கள். நாலாயிரம் பேர் பழையபடி கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பார்த்து எழுதச் சொல்லியிருப்பார்கள். கடையத்துக்கு மேற்கே ஒரு குக்கிராமத்துப் பிள்ளைக்கு வண்ணப் படம் போட்ட அட்டை ஒன்று கைக்கு வந்ததே, அது அச்சிட்டதால்தான் வந்தது. ஒரே மாதிரி என்பதை நாம் கேலி செய்வது எளிது. எல்லாருக்கும் என்பதன் விலை பல சமயங்களில் அதுதான். 2010-இல் சட்டமாகி 2011-இல் நீதிமன்றப் படியேறி வந்த சமச்சீர்க் கல்வியும் அந்த விலையைக் கொடுத்துத்தான் வந்தது. அதற்காக யாரும் வருந்தவில்லை, நானும் வருந்தவில்லை.

"அப்போ அந்தப் பார்வையாளர் சொன்னது சரிங்கீகளா?" என்று கேட்டார் சிநேகிதர். கோபம்தான்.

இல்லை. அவர் சொன்னது சரியில்லை. அட்டையை அச்சிடலாம், ஆசிரியரை அச்சிட முடியாது. அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக விட்டிருந்தால் போதும். அச்சுக் கூலி கூடியிருக்காது. காலியாக விட்ட கட்டத்தை யாரும் திருடிக்கொண்டு போகமாட்டார்கள். ஆனால் மேலிருந்து வரும் தாளில் காலிக் கட்டம் என்பதே இல்லை. எங்கே காலி இருந்தாலும் அது நிரப்பத் தவறியது என்றுதான் கணக்கு.

தனியார் பள்ளிகளிடமும் எனக்குக் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது. 2009-இல் இயற்றிய கல்வி உரிமைச் சட்டம் நுழைவு வகுப்பில் கால் பங்கு இடத்தை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொன்னது. அது பிள்ளையைப் பள்ளிக்குள் கொண்டுபோகும் வழி. பள்ளியைப் பிள்ளையிடம் கொண்டுபோகும் வழியைச் சட்டத்தால் செய்ய முடியாது. மனம் இருந்தால் செய்யலாம். தென்காசியிலிருந்து குற்றாலம் வரும் ஐந்து கிலோமீட்டருக்குள் எத்தனை பள்ளிக் கட்டடங்கள்! மாலை நாலரைக்கு மேல் பூட்டிக் கிடக்கும் நூலகங்கள், சோதனைச் சாலைகள், மேட்டு நிலத்து விளையாட்டு மைதானங்கள். நல்ல கணக்கு வாத்தியார் ஒருவர், சனிக்கிழமை காலை பக்கத்து ஒன்றியப் பள்ளி ஆசிரியரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பின்னம் எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று பேசினால் நிர்வாகத்துக்கு என்ன குறைந்துவிடும்? இதற்குப் பதிலாக ஆண்டு விழாவில் நோட்டுப் புத்தகம் வழங்கிப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சிலும், ஒன்றியப் பள்ளி ஆசிரியர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டியதில்லை. ஐந்து வகுப்பை ஓர் அறையில் வைத்து மேய்ப்பது எப்படி என்பதைக் கழுத்துப்பட்டைப் பள்ளிக்காரர் அவரிடம் கற்றுக்கொள்ளலாம். ரிஷிவேலிக்காரர்கள் அதைத்தானே சுற்றுக் கிராமங்களில் போய்க் கற்றுக்கொண்டார்கள்? உண்மையில் அந்த அட்டைகளில் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று பிரித்துச் சொல்வதே கஷ்டம்.

2022-இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அட்டைகள் போய்ப் பயிற்சி நூல்கள் வந்தன. அதைப் பற்றி இன்னும் எழுதும் தகுதி எனக்கு இல்லை. பத்து ஆண்டு புழங்கி மூலை மழுங்கட்டும், பார்க்கலாம். எந்த நூலுக்கும் நான் வைக்கும் பரீட்சை அதுதான். இந்த அட்டைகள் அதில் தேறிவிட்டன. எந்த அட்டை அதிகம் மழுங்கியிருக்கிறது என்று பார்த்தேன். கதைப் படம் போட்ட அட்டைகளும், கூடப் படிக்கும் பிள்ளையோடு சேர்ந்து செய்ய வேண்டிய அட்டைகளும். மதிப்பீட்டு அட்டைகள் ஏறக்குறையப் புதிதாக இருந்தன.

சாயங்காலம் சிநேகிதர் புறப்பட்டார். ஐந்தருவிப் பக்கம் போய்விட்டு வந்த என் பேரன், தலை துவட்டாமல், பெட்டியைத் திண்ணையில் கவிழ்த்து அட்டைகளைச் சின்னம் பார்த்து வரிசைப்படுத்திக்கொண்டிருந்தான். அவன் இப்போது எட்டாம் வகுப்பு. இதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்று முதலில் அலட்சியமாகச் சொன்னவன், ஒரு மணி நேரமாக எழுந்திருக்கவில்லை.

சிநேகிதர் குடையை விரித்துக்கொண்டு படியில் நின்றார்.

"அண்ணாச்சி, எழுதி முடிச்சதும் பெட்டியைத் திருப்பிக் கொடுத்திரணும். அந்த வானிலைத் தாளிலே பின்பக்கம் ஒரு படம் ஒட்டி வச்சிருக்கேன். அது கிழிஞ்சிராம பார்த்துக்கிடுங்க" என்றார்.

அவர் போன பிறகு தாளைத் திருப்பிப் பார்த்தேன். மலை, பாதிச் சூரியன், சாய்வாக நாலு கோடு. வானவில்லில் ஐந்து நிறம்தான் இருந்தது.